ஆவுடை போட்ட சால்வை

ஊசியை அப்படிப் பிடிக்கக் கூடாது. உப்புமா கிண்டுகிற கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறாள் ஆவுடை. கட்டைவிரல் மேலே, மற்ற நாலும் கீழே, இப்படிப் பிடித்தால் கொக்கி எப்படித் திரும்பும், நூலை எங்கே போய் இழுக்கும். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள், ஒருநாள்கூட என் விரலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் பேப்பரைப் பிரித்து மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறேன். அணையின் நீர்மட்டத்தை நாலு தடவை படித்தாயிற்று, எத்தனை அடி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. தென்காசியில் சம்பந்தி வீட்டுக் கூடம். மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது, வெளியே சாரல் விட்டுவிட்டு விழுகிறது. கீழே பாயில் என் பெண்டாட்டி ஆவுடை, அவளுக்கு எதிரே என் மாப்பிள்ளையின் அம்மா வடிவு, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துணிப்பை, பைக்குள் பஜாரில் வாங்கிய கம்பளி நூல்கண்டு மூன்று. சோபாவில் சம்பந்தி திரவியம், சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணை மூடுவதும் திறப்பதுமாக. அடுப்படி வாசலில் என் மகள் செல்வி நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள். அவள் கண்ணில் படாமல் இருக்கத்தான் பேப்பர். ஆனால் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, ஊசி அப்படி இருக்கிறது, அந்தப் பிடியைப் பார்த்துவிட்டு எந்த மனுஷன் சும்மா இருப்பான். இருக்கிறேனே. சும்மாதான் இருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாகச் சும்மா இருந்து பழகின உடம்பு.

“மதினி, நீங்க ஒரு வரிசை போட்டுக் காட்டுங்க. நான் பாத்துப் பாத்துப் போடுதேன்” என்றாள் வடிவு. அதைச் சொல்லி எத்தனை நேரம் இருக்கும், ஐந்து நிமிஷம், எனக்கு ஒரு மணி நேரம் ஆனதுபோல் இருக்கிறது. வடிவுக்குப் பங்குனி மாசம் வலது பக்கம் இழுத்துவிட்டது. வாயும் காலும் நாற்பது நாளில் சரியாகிவிட்டன, வலது கை விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்கின்றன. விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், சும்மா விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாராம். “நான் என்ன சின்னப்பிள்ளையா, பந்து வச்சு விளையாட. எனக்குக் கோவம் கோவமா வருது மதினி. அப்பதான் உங்க நெனப்பு வந்துது. நீங்க போட்ட சால்வையத்தானே தெனமும் போத்திக்கிட்டுக் கெடக்கேன், நாமளும் இந்த மாதிரி ஒண்ணு போட்டாத்தான் என்ன, விரலுக்கும் வேலையாச்சு, யாருக்காவது குடுத்தாப்பலயும் ஆச்சுன்னு.” சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த சால்வையைத் தடவினாள். இளநீலமும் சாம்பலும், ஓரத்தில் மாவிலைத் தோரணம் மாதிரி ஒரு வேலைப்பாடு. செல்வி கல்யாணத்துக்குச் சீரோடு வைத்துக் கொடுத்தது. போட்டு முடிக்க நாலு மாசம் ஆயிற்று எனக்கு. எனக்கு. வாய்க்குள் இருக்கிறது அந்த வார்த்தை, வெளியே வர மாட்டேன் என்கிறது. அந்தச் சால்வையைப் போட்டவன் இசக்கியப்பன், ரயில்வே கேட்கீப்பர், ஓய்வு பெற்று ஐந்து வருஷம். ஆவுடைக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாது. பூக்கூடக் கட்டத் தெரியாது, மதுரைக்குப் போனால்கூடக் கட்டின பூவைத்தான் வாங்குவாள்.

பாவூர்ச்சத்திரத்துக்குக் கிழக்கே ஆளில்லாத பொட்டலில் என் கேட். பக்கத்தில் ஒரு வேப்பமரம், ஒரு அறை, அறைக்குள் ஒரு டெலிபோன். ஒரு நாளைக்கு ஆறு வண்டி. வண்டி வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் கேட்டை மூடவேண்டும், போனபிறகு திறக்கவேண்டும், நடுவில் உள்ள நேரத்தில் தூங்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம், அந்தத் தூங்காமல் இருப்பதுதான் உத்தியோகத்திலேயே கஷ்டமான பகுதி. ஒருநாள் பதினோரு மணி செங்கோட்டை வண்டியிலிருந்து ஒரு குழந்தையின் தொப்பி பறந்து வந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மஞ்சள் கம்பளித் தொப்பி. இரண்டு நாள் கேட் கம்பியில் மாட்டிவைத்துப் பார்த்தேன், யாரும் தேடி வரவில்லை, வண்டியில் போனவர்கள் எப்படி வருவார்கள். மூன்றாம் நாள் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, எங்கேயும் ஒட்டு இல்லை, தையல் இல்லை, ஒரே நூல், தொப்பி முழுவதும் ஒரே ஒரு நூல்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு முழுத் தொப்பியை நான் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேனே என்று பயம். திரும்பச் செய்துவிட வேண்டும் என்று வெறி. சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கி செய்தேன். எந்தக் கண்ணிக்குள் எந்தக் கண்ணி போயிருந்தது என்று ஞாபகத்திலிருந்து தோண்டித் தோண்டி இருபது நாள் ஆயிற்று, தொப்பி வந்துவிட்டது, ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். குரோஷா என்று அதற்குப் பெயர் என்பதே ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதுவரை நானாகவே பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு கண்ணி ஒரு பெட்டி. வரிசையாகக் கோத்தால் மெயின் லைன். ஓரத்தில் வளைத்து விட்டால் லூப் லைன். வட்டமாகச் சேர்த்து முடித்தால் கேட் மூடியாச்சு. இன்றைக்கும் அந்தப் பெயர்கள்தான் எனக்கு, புஸ்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ யாருக்கு வேண்டும்.

அந்தக் கோணல் தொப்பியை ஸ்டேஷன் மாஸ்டர் வேதமாணிக்கம் சாரின் பேத்திக்குக் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வீட்டம்மா கைவேலையா இசக்கியப்பன்? பிரமாதமா இருக்கே” என்றார். என் கண்ணுக்கு முன்னால் மெமோ தெரிந்தது. டூட்டியில் கேட்கீப்பர் கையில் கொடி இருக்கலாம், விளக்கு இருக்கலாம், வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. நானே போட்டேன் என்றால் எப்போது போட்டாய் என்று கேட்பார், எப்போது என்றால் டூட்டியில்தான், வேறு எப்போது. “ஆமா சார்” என்றேன். இரண்டே வார்த்தை. அடுத்த வாரம் சந்தையில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கமான கை என்று சொல்லியிருக்கிறார். ஆவுடை வீட்டுக்கு வந்து, “நான் என்னத்தப் போட்டேனாம்?” என்று கேட்டாள், விஷயத்தைச் சொன்னேன், சிரித்தாள், “சரி, உங்க வேலைக்கு ஆபத்து வரவேண்டாம், நாந்தான்னு வச்சுக்கிடுங்க” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் கையெழுத்து மாதிரி நான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். மெமோ கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள். ஐந்து வருஷமாக நான் யாருக்கும் பதில் சொல்லவேண்டிய ஆள் இல்லை, அப்படியும் போன தைக்கு என் தங்கச்சி மகளுக்குக் கைப்பை போட்டுக் கொடுத்தபோது அத்தை போட்டது என்று சொல்லித்தான் கொடுத்தேன். யார் கேட்டார்கள். யாருமே கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்போது யோசித்தால் முதுகு சில்லென்கிறது, சாரல் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது.

வெட்கம். சொல்லித் தொலைத்துவிட வேண்டியதுதான், வெட்கம். எதற்கு வெட்கம், அதைத்தான் கேட்கிறேன். பனியன் தைக்கிறவன் ஆண்பிள்ளை. ஜாக்கெட்டே தைக்கிறான், அளவு எடுத்துத் தைக்கிறான், யாரும் சிரிக்கவில்லை. கடற்கரையில் வலை பின்னுகிறவன் மீசை வைத்துக்கொண்டுதான் பின்னுகிறான், நூலும் ஊசியும் கண்ணியும்தான் அதுவும். தறியில் உட்காருகிறவன், கோயிலில் மாலை கட்டுகிறவன், கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவன், இவர்களை எல்லாம் எவன் கேட்டான். கம்பளி நூலை எடுத்துவிட்டால் மட்டும் என்ன வந்துவிடுகிறது. இதோ இந்தத் திரவியம், மரக்கடை வைத்து நடத்தியவர், குடித்த காப்பி டம்ளரை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்காத மனுஷர், அவர் கழுத்தில் தொங்குகிறது பாருங்கள் ஒரு செல்போன் உறை, மெரூன் கலரில், வாக்கிங் போனாலும் கழற்றமாட்டார், சம்பந்தியம்மா கையால் போட்டது என்று பாங்கில் மானேஜரிடம்கூடக் காட்டினாராம். உள்ளங்கை அளவு உறைக்கு மூன்று தடவை பிரித்துப் போட்டேன், போன் வழுக்கி விழக் கூடாது என்று. இது என் கை ஐயா, முரட்டுக் கை, லிவரைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கை, இந்தக் கையிலிருந்துதான் இது வந்தது என்று அவர் மூஞ்சிக்கு நேரே சொன்னால் என்ன ஆகும். சிரிப்பார். சிரித்துவிட்டு, தெருமுனைக் கடையில் போய் நாலு பேரிடம் சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், உடம்பிலிருந்து எதுவும் உதிர்ந்து விழப்போவதில்லை. இப்படி மனசுக்குள் வீராவேசமாகப் பேசிக்கொண்டே பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன். வெட்கங்கெட்டவன்.

“மொதல்ல பன்னெண்டு பெட்டி கோக்கணும் மதினி” என்கிறாள் ஆவுடை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வார்த்தைகள் வரும், கைதான் வராது. “பெட்டியா?” என்றாள் வடிவு. “ஆமா, பெட்டிதான். பன்னெண்டு கோத்துக்கிட்டு கேட்ட மூடணும். பெறகு லூப் லைன்ல போகணும், ஒண்ணு விட்டு ஒண்ணு.” “அது என்ன மதினி லூப் லைனு?” சோபாவில் திரவியம் கண்ணைத் திறந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “ரயில்வேக்காரர் பொண்டாட்டில்லா, வடிவு. தங்கச்சிக்குக் கனவுலகூட வண்டிதான் ஓடும்.” ஆவுடையும் சிரித்தாள், உதட்டால் மட்டும். அவள் ஊசியை நூலுக்குள் விட்டாள், நூல் பிரிபிரியாகப் பிரிந்துகொண்டது, எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். தப்பான ஊசி வேறு. கடைக்காரன் சன்ன ஊசியைக் கொடுத்துவிட்டிருக்கிறான், அது மேசைவிரிப்புக்குப் போடுகிற மெல்லிய நூலுக்கு ஆனது, இந்தத் தடிமன் கம்பளிக்கு அது ஆகாது, எனக்கே ஆகாது. அதுவும் விரல் மடங்காத மனுஷிக்குத் தடித்த ஊசி வேண்டும், மூங்கிலில் செய்தது, பிடிக்கிற இடத்தில் துணி சுற்றியது. அப்படி ஒன்று இந்த நேரத்தில் என் சட்டைப் பையில் இருக்கிறது. பேனாவுக்குப் பக்கத்தில், பேனா மாதிரியே. பஸ்ஸில் வரும்போது எடுக்கவில்லை, எடுக்க முடியுமா, அத்தனை பேர் இருக்கும்போது.

அவள் விரலைப் பார்க்கிறேன். வெறும் விரல். அங்கேதான் என்னவோ இடறுகிறது, என்ன அது, என்ன வித்தியாசம் இன்றைக்கு. கட்டு இல்லை. ஆமாம், கட்டு இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஆவுடையின் வலது ஆள்காட்டி விரலில் ஒரு துணிக்கட்டு இருக்கும். என்னோடு வேலை பார்த்த கருத்தப்பாண்டி வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனபோது இருந்தது, என் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு இருந்தது, செல்வி ஸ்கூல் ஆண்டு விழாவில் இருந்தது. அரிவாமனை பட்டுவிட்டது என்பாள், அம்மி நசுக்கிவிட்டது என்பாள், பொம்பளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு எங்களுக்கும் ஒன்று சொல்லிக் கொடு ஆவுடை என்று கேட்டால் விரலைத் தூக்கிக் காட்டுவாள். நானும் கைப்பதனம் இல்லாதவள் என்று திட்டியிருக்கிறேன். ஒருநாள்கூட அந்தத் துணிக்கடியில் ரத்தம் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து அலசிக் கொடியில் போடுவாள், மறுநாள் அந்தக் கையாலேயே தேங்காய் துருவுவாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு போய்வந்திருக்கிறாள். எத்தனை விசேஷம், எத்தனை வருஷம். பல விசேஷத்துக்குத் தலைவலி என்று சொல்லி வராமலே இருந்திருக்கிறாள், அவள் கூச்சக்காரி என்றே நான் நினைத்திருந்தேன். ஊரெல்லாம் அவளைப் புகழப் புகழ எனக்கு உள்ளுக்குள் பெருமை, நம்முடைய உழைப்பை நம் பெண்டாட்டிக்கு எழுதிவைத்துவிட்டோம், நம்மை மாதிரி எவன் இருக்கிறான் என்று மார்தட்டிக்கொண்டு நான் அலைந்திருக்கிறேன். இன்றைக்குச் சும்மா மகளைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம். வடிவு பையை எடுத்துக்கொண்டு வருவாள் என்று ஆவுடைக்குத் தெரியாது. கட்டில்லாமல் வந்து மாட்டிக்கொண்டாள்.

இல்லை, இப்படியும் யோசிக்கலாம். இன்னும் பத்து நிமிஷத்தில் ஆவுடை கண் சரியாகத் தெரியவில்லை மதினி, கண்ணாடியை விட்டுவிட்டு வந்துவிட்டேன், அடுத்த தடவை பார்ப்போம் என்பாள். வடிவு சரி என்பாள். மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலேகாலுக்கு வீடு. எல்லாம் அப்படியே இருக்கும். சால்வை ஆவுடை போட்டதாகவே இருக்கும், மகள் மாமியார் வீட்டில் மரியாதையாக இருப்பாள், இத்தனை நாள் பொய்யா சொன்னீர்கள் என்று எவரும் அவளைக் கேட்கமாட்டார்கள். மகளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். பார், எவ்வளவு சுலபமாக வருகிறது காரணம். முதலில் மெமோ, இப்போது மகள், நாளைக்குப் பேரன் பிறந்தால் பேரன். அந்த மகளோ அடுப்படி வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் பாவாடைக்கு ஓரம் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாதா, அம்மா போட்டது என்று ஸ்கூலில் சொல் என்று ஆறு வயசில் சொல்லிக் கொடுத்தேன், அப்படியே சொன்னாள். என் பிள்ளைக்கு நான் முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்த பொய். வடிவு ஆவுடையின் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். அவளாகவே ஒரு தடவை முயற்சி செய்தாள். சன்ன ஊசி அந்த மடங்காத விரல்களுக்கு நடுவில் நிற்கவில்லை, நழுவிப் பாயில் விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அவள் எடுக்கவில்லை. “விடுங்க மதினி. இனிமே இந்தக் கை அவ்வளவுதான் போலுக்கு” என்று சொல்லி, நூலைச் சுருட்டிப் பைக்குள் போட ஆரம்பித்தாள். ஆவுடை தலைகுனிந்துகொண்டாள். ஒரு நல்ல மனுஷி தன் கையை இதோ இந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகப்போகிறாள், அதைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவன் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று படித்துக்கொண்டிருக்கிறான்.

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது, பேப்பர் தரையில் கிடந்தது. பாயில் வடிவுக்கும் ஆவுடைக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் மளுக்கென்றது. “தங்கச்சி, அந்த ஊசிய விடு, அது தப்பான ஊசி” என்று வடிவிடம் சொல்லிச் சட்டைப் பையிலிருந்து மூங்கில் ஊசியை எடுத்தேன். நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலுக்கு மேலே கொண்டுவந்து, முதல் கண்ணியை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரைக்கும் ஓடி வட்டமாகச் சேர்த்து முடித்து, இரண்டாவது வரிசைக்கு ஏறிவிட்டேன். “என்ன மச்சான் இது?” என்றார் திரவியம். அவர் குரலில் சிரிப்பு கிளம்பி, வருவோமா வேண்டாமா என்று நின்றது. நான் கையை நிறுத்தவில்லை. “இதுதான் அத்தான் நான் போடுதது. தங்கச்சி தோள்ல கெடக்க சால்வை நான் போட்டது. உங்க கழுத்துல தொங்குதே, அது நான் போட்டது. ஆவுடைக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. நாந்தான் அவ போட்டான்னு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுக்கிடுங்க, எனக்கு வேலை கெடக்கு.” அவர் சிரிக்கவில்லை. குனிந்து கழுத்தில் தொங்கிய உறையைப் பார்த்தார், புரட்டிப் பின்பக்கம் பார்த்தார், கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார் போலிருக்கிறது, கழற்றவில்லை. நான் வடிவின் வலது கையை எடுத்து மூங்கில் ஊசியை அதற்குள் வைத்து, என் கையால் மேலே பொத்திக்கொண்டு, இப்படித் திருப்பு, இப்படி இழு, இப்படி விடு என்று ஒரு கண்ணி போட்டுக் காட்டினேன். இரண்டாவது கண்ணியை அவளே பாதி போட்டாள். விரல் மடங்கியது. கொஞ்சம்தான், ஆனால் மடங்கியது, என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

எனக்கு அப்போது உலகத்தையே ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்து செத்தோம், வாருங்கள், யார் வேண்டுமானாலும் வாருங்கள், தெருவிலே நாற்காலி போட்டு உட்கார்ந்து போடுகிறேன், பஸ்ஸில் போடுகிறேன், ரயிலில் போகிறவன் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும் என்று இருந்தது. யார் யாருக்கு எல்லாம் போட்டுக் கொடுத்தேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். வேதமாணிக்கம் சார் பேத்திக்குத் தொப்பி, கருத்தப்பாண்டி அம்மாவுக்குக் கழுத்தில் சுற்றுகிற மப்ளர், என் அண்ணி வீட்டு டிவிக்கு விரிப்பு, செல்வியின் ஸ்கூல் டீச்சர்கள் நாலு பேருக்கும் கைப்பை, தங்கச்சி மகளுக்கு, அவள் சிநேகிதிக்கு, எதிர்வீட்டுக் கைப்பிள்ளைக்குக் கால் உறை. செல்வி வாசலைவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், விட்டுப்போனதை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். வடிவு ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு சூதும் இல்லாமல், அடுத்ததாக எதைக் கேட்பார்களோ அதைக் கேட்டாள். “அப்போ மதினிக்கு என்ன அண்ணாச்சி போட்டுக் குடுத்தீக?”

வாயைத் திறந்தேன். ஏதாவது ஒன்று இருக்கும், இருக்கவேண்டும், முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கைக்குட்டைக்கு ஓரமாவது போட்டிருப்பேன். தேடினேன். பீரோவின் மேல்தட்டு, கீழ்த்தட்டு, அவள் டிரங்குப்பெட்டி, மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். போடுகிறவளுக்கு யாராவது போட்டுக் கொடுப்பார்களா, கொடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதனால்தான் என்று ஒரு பதில் தயாராக வந்து நின்றது, அதை நான் சொல்லவில்லை. அதுகூட உண்மை இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. திரவியம் என்னைப் பார்த்தார், செல்வி தரையைப் பார்த்தாள். ஆவுடைதான் பதில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, வடிவைப் பார்த்துத்தான் சொன்னாள், என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“எனக்குப் பேரு போட்டுக் குடுத்தாக மதினி. முப்பத்தோரு வருசமா நல்ல பேரு. ஊரே பாத்துப் பாத்து மெச்சிச்சு. எனக்குத்தான் ஒருநாளும் அளவு சேரல. இன்னிக்குக் கழட்டியாச்சு.”

அப்புறம் மகளைப் பார்த்து, “ஏளா செல்வி, எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா, சீனி கூடவே போடு” என்று சொல்லி, இரண்டு காலையும் பாயைத் தாண்டி நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சம்பந்தி வீட்டில் அவள் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.